அஸிர் என்றால் எப்போது?

அக்பெல் கணவாய், சாலைக்காரர் முகாம்
ஆகஸ்ட் 24

உலார் பைகேவுக்கு,

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை. கூடப் பிறந்த அண்ணன் ஆயிற்றே என்பதற்காகப் ‘பைகே’ மட்டும் போட்டிருக்கிறேன். அதுவும் அம்மா கேட்டால் சொல்லிக்கொள்வதற்கு.

போன் செய்யாமல் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். இங்கே சிக்னல் வேண்டுமென்றால் அரை மணி நேரம் மேலே ஏறி ஒரு பாறையில் நிற்க வேண்டும். அது ஒரு காரணம். இன்னொன்று, போனில் நீங்கள் சொல்வதெல்லாம் காற்றோடு போய்விடுகிறது, பிறகு “நான் எப்போ சொன்னேன்?” என்கிறீர்கள். இனி எதைச் சொன்னாலும் எழுத்தில் சொல்லுங்கள். டீசல் லாரி வாரம் ஒரு தடவை பிஷ்கெக் போய் வருகிறது. டிரைவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.

நேற்று சாலைத் துறை அதிகாரி அப்திஷெவ் ஜீப்பில் வந்து இறங்கினார். இறங்கியதும் கேட்டார்: “என்னம்மா, நவம்பர் ஒண்ணாம் தேதி ரெடியா? உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரே.” என் கையிலிருந்த தேநீர் காலில் கொட்டியது. நவம்பர் ஒன்றா? யார் சொன்னது? எனக்கே தெரியாமல் எனக்கு ஒரு தேதியா?

பிறகு யோசித்துப் பார்த்தேன், எங்கே ஆரம்பித்தது என்று புரிந்தது. ஏப்ரலில் ஒரு நாள் நான் உங்கள் கம்பெனி அலுவலகத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்தபோது நீங்கள் கதவருகே நின்று, “சாய்கல், பனி விழறதுக்குள்ள முடிஞ்சிடுமா?” என்றீர்கள். நான் கீபோர்டிலிருந்து ஒரு கையை எடுத்து, விரலைத் தூக்கி, “அஸிர்” என்றேன். பொறுங்கள், இந்த வரியை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அர்த்தம். திரும்பிப் பார்த்தால் நீங்கள் இல்லை.

அஸிர்! டீ கேட்டாலும் அஸிர்தான், டாக்ஸிக்காரன் வீட்டைவிட்டே கிளம்பாமல் இருந்தாலும் அஸிர்தான். அகராதியில் ‘இப்போது’ என்று போட்டிருக்கும். அதை நம்பி அடுப்பில் பாலை வைக்கிற ஆள் நம் நாட்டில் ஒருவர்கூட இல்லை என்று நினைத்திருந்தேன். நீங்கள் அதை ஒப்பந்தத்திலேயே வைத்துவிட்டீர்கள்.

இது கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர் நிரல் இல்லை, பைகே. சரிவில் புதைத்த அதிர்வுமானிகள் பனிச்சரிவை உணர வேண்டும். உணர்ந்த நொடியில் சாலையை மூட மேலும் கீழும் இருக்கிற இரண்டு தடுப்புக் கம்பங்களையும் நிரல் தானாக இறக்க வேண்டும். இறக்காவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பதில் எழுதுங்கள்.
சாய்கல்

பிஷ்கெக்
ஆகஸ்ட் 30

என் அருமைத் தங்கச்சிக்கு,

நீ மனமில்லாமல் எழுதினாய், நான் மனம் நிறையப் படித்தேன். மூன்று மாதமாக உன் கையால் ஒரு வரி இல்லை. திட்டுவதற்காவது பேனாவை எடுத்தாயே.

உன்னிடம் நான் ஒரு தடவை கேட்கவில்லை, நான்கு தடவை கேட்டேன். முதல் தடவை “பாக்கலாம்” என்றாய். இரண்டாவது தடவை “அது பலதைப் பொறுத்தது” என்றாய். மூன்றாவது தடவை தோளைக் குலுக்கினாய். நான்காவது அஸிர். இந்த நான்கில் எதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், நீயே சொல். தோள் குலுக்கலை எப்படி எழுதுவது?

தையற்காரன் தேதி சொல்கிறான். கூரை போடுகிறவன் சொல்கிறான். சூ ஆற்றில் பாலம் கட்டுகிறவன்கூடச் சொல்கிறான். கம்ப்யூட்டர் முன்னால் சூடான அறையில் உட்காருகிற உங்களுக்கு மட்டும் தேதி என்றால் வாயில் புண். சரி, சொன்னாலாவது நிற்கிறீர்களா? மருத்துவமனைக்கு நாம் செய்த ஆம்புலன்ஸ் வேலைக்கு இரண்டு மாதம் என்றாய். ஏழு மாதம் ஆனது. ஏழு மாதமும் அந்த மருத்துவமனை வாசலில் போய் நின்று பல்லைக் காட்டியவன் நான், நீ இல்லை.

இந்த வேலை கையை விட்டுப் போனால் அலுவலகத்தில் பதினொரு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதில் உன் தோழிகள் மூன்று பேர். தேதி இல்லாமல் வேலையைக் கொடுங்கள் என்று சாலைத் துறையிடம் சொன்னால் அடுத்த கம்பெனிக்காரன் தேதியோடு நிற்பான். அவனுக்கு அதிர்வுமானி என்றால் என்னவென்றே தெரியாது, ஆனால் தேதி தெரியும்.

நவம்பர் ஒன்று. முடி.
உலார்

அக்பெல்
செப்டம்பர் 7

பைகே,

“முடி.” அவ்வளவுதானா? ஆட்டை வெட்டச் சொல்வது போலச் சொல்கிறீர்கள்.

ஆம்புலன்ஸ் வேலைக்கு ஏன் இரண்டு மாதம் என்றேன் தெரியுமா? அன்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு ஒரு எண் தேவைப்பட்டது, அது சிறியதாக இருக்க வேண்டியிருந்தது. எனவே முகத்துக்குப் பதில் சொன்னேன், வேலைக்கு இல்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அடுத்த வேலையில் நான்கு மாதம் என்றேன், நீங்கள் இரண்டாக வெட்டினீர்கள். வெட்டுவீர்கள் என்று தெரிந்து அதற்கடுத்ததில் எட்டு என்றேன். கூட்டித்தான் சொல்கிறாள் என்று தெரிந்து மூன்றாக வெட்டினீர்கள். இப்படி இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக் கிடைத்த எண்ணை மூன்றாவது ஆள் கையில் கொடுத்துக் கையெழுத்துப் போட்டோம். அடேயப்பா, என்ன வியாபாரம்!

பாலம் கட்டுகிறவர் பத்தாவது பாலம் கட்டுகிறார். என் வேலையில் ஏற்கெனவே செய்த பாலம் என்றால் அரை நொடியில் நகல் எடுத்துவிடுவேன், அதற்கு யாரும் என்னைக் கூப்பிடவே வேண்டாம். நகல் எடுக்க முடியாமல் மிச்சம் இருப்பதைத்தான் நான் செய்கிறேன். மிச்சம் இருப்பது என்னவென்று செய்தால்தான் தெரியும்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கீழ்த் தடுப்பின் மோட்டாரை இயக்குகிற பெட்டி சோவியத் காலத்தது. ஒரு துண்டுத் தாள் விளக்கம் கிடையாது. நிரல் கட்டளை அனுப்பினால் பெட்டி சில சமயம் கேட்கிறது, சில சமயம் செவிடு. காலையில் மட்டும் செவிடு. வயரை மாற்றினேன், பலகையை மாற்றினேன், என் தலையெழுத்தை மட்டும் மாற்றவில்லை. நான்காம் நாள் இங்கே காவல் இருக்கும் ஜபார் ரொட்டியை மென்றுகொண்டே சொன்னார்: “அது மாஸ்கோ நேரம் பாக்குதும்மா. எப்பவுமே மூணு மணி நேரம் லேட்டாத்தான் கண்ணு முழிக்கும்.” நாடு பிரிந்து இத்தனை காலம் ஆயிற்று, அந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை!

நான்கு நாள் போயிற்று. எந்தப் பட்டியலில் நான் ‘மாஸ்கோவிலிருந்து பெட்டியை விடுதலை செய்தல்: நான்கு நாள்’ என்று எழுதியிருப்பேன்? இன்னும் இப்படி எத்தனை பெட்டி இருக்கிறது என்று கேட்காதீர்கள். தெரிந்தால் தேதி சொல்லியிருப்பேன்.

சாய்கல்

பிஷ்கெக்
செப்டம்பர் 15

சாய்கல்,

பெட்டிக் கதையை அலுவலகத்தில் படித்துக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரவர் நாற்காலியைப் பார்த்தார்கள்.

அப்திஷெவ் நிலைமை என்ன என்று கேட்டார். தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்று சொல்லியிருக்கிறேன். பொய்யில்லையே? ஜூலையிலேயே போனில் நீ தொண்ணூறு என்றாயே.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ‘அமைப்பு முழுமையாக இயங்குகிறது, இயங்கத் தொடங்கிய தேதி’ என்று போட்டு ஒரு கோடு இருக்கிறது. அதில் நவம்பர் ஒன்று என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதன்பின் பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து சரிசெய். யார் உன்னைத் தடுக்கிறார்கள்? எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று. தாள் வந்ததும் கணவாயில் பனிச்சரிவுக் காவலுக்கு இருக்கும் ஆறு பேரையும் துறை கீழே இறக்கிவிடும். நிரல் இருக்கும்போது ஆள் எதற்கு என்கிறார்கள். ஜபாரிடம் இப்போது சொல்லாதே.

உலார்

அக்பெல்
செப்டம்பர் 29

பைகே,

ஜபாரிடம் சொல்லிவிட்டேன். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

இனி இதைப் படியுங்கள். உட்கார்ந்து படியுங்கள்.

வியாழக்கிழமை காலை நிரல் அலறியது: பனிச்சரிவு! வானம் பளிச்சென்று இருக்கிறது, சரிவில் ஒரு பிடி பனி இல்லை. தடுப்பு இரண்டும் சரசரவென்று இறங்கிவிட்டன. ஏற்றினேன். கால் மணி நேரத்தில் மறுபடி அலறல். அன்றைக்கு மட்டும் பதினான்கு முறை. நான் கம்பிகளைச் சபித்துக்கொண்டே கீழ்த் தடுப்புக்கு ஓடினால், அங்கே குதிரைமேல் ஒரு பெண், அவள் பின்னால் அறுநூறு ஆடு, அதற்குப் பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு லாரிகள். ஹாரன் சத்தத்தில் காது கிழிந்தது.

“ஏய் பொண்ணே, ரோட்டை நீயா மூடினே?”

“நான் மூடலை அக்கா, புரோகிராம் மூடிச்சு.”

“யார் வீட்டுப் பையன் அது? கூப்பிடு அவனை!”

ஆடுகள், பைகே! மேய்ச்சல் முடிந்து மந்தைகள் இறங்குகின்றன. இரண்டாயிரத்து நானூறு குளம்பு சரிவின் ஓரமாக நடந்தால் பூமிக்குள் பனி சரிகிற மாதிரிதான் கேட்கிறதாம். நான் ஜூனில் வந்தேன். மந்தைகள் மே மாதமே மேலே போய்விட்டன. கோடை முழுக்க இந்த மலை சுத்தமான மௌனமாக இருந்தது, அந்த மௌனத்தை நம்பி நான் தொண்ணூறு என்றேன்.

நம் அப்பா யார்? இந்தக் கணவாய் வழியாகத்தானே முப்பது வருடம் ஆடு ஓட்டினார்? நீங்கள் எட்டு வயதில் இந்தப் பாதையில் குதிரையிலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டீர்களே! மேய்ப்பர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து திட்டம் போட்டோம், ஆட்டை மறந்துவிட்டோம். வெளிநாட்டுக்காரன் மறந்தால் சரி. நமக்கு வெட்கமாக இல்லையா? எனக்கு இருக்கிறது.

இப்போது நிரலுக்கு ஆட்டையும் பனியையும் பிரித்தறியக் கற்றுக்கொடுக்கிறேன். கற்றதா இல்லையா என்று எப்படித் தெரியும்? பனியும் இன்னும் விழவில்லை, ஆடுகளும் இறங்கிப் போய்விட்டன.

தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். ஆறு பேரை நீங்கள் இறக்கினால் நானும் அவர்களோடு இறங்குகிறேன். தேதி என்ன என்று கேட்டால், சாய்கலுக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். பயமாக இருந்தால் என் கடிதத்தைக் காட்டுங்கள்.

சாய்கல்

பிஷ்கெக்
அக்டோபர் 6

நீ எனக்கு மட்டும் தங்கச்சி. கம்பெனிக்கு நீ வேலையாள். அதை மறந்துவிட்டாய்.

ரினாத்தை அனுப்புகிறேன். வங்கியில் பதினைந்து வருடம் நிரல் எழுதியவன். உன் குறிப்புகளைப் பார்த்துவிட்டு “ஆறு நாள் போதும்” என்றான். கேட்டாயா? ஆறு! ஒரு மூச்சில் சொன்னான். அவன் முடிப்பான், அவனே கையெழுத்தும் போடுவான். நீ சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம், இல்லை அங்கேயே பாறையில் உட்கார்ந்து ஆடு எண்ணலாம்.

அந்தப் பல் விஷயத்தை யாரிடமும் சொல்லாதே.

உலார்

அக்பெல்
அக்டோபர் 14

பைகே,

உங்கள் ரினாத் வந்தார். நல்ல மனிதர், நல்ல ஜாக்கெட். சாவியைக் கொடுத்தேன்.

முதல் நாள் என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார், இரண்டாம் நாளும் கேட்டார். மூன்றாம் நாளும் கேட்டபோது என் வேலை மூன்று நாள் பின்தங்கியிருந்தது. ஆள் கூடினால் வேலை குறையும் என்று நீங்கள் நினைத்தீர்கள், பாவம். ஐந்தாம் நாள் அவரிடம் கேட்டேன்:

“அண்ணே, ஆறு நாள்னு எப்படிச் சொன்னீங்க?”

“உங்க அண்ணன் கேட்ட தோரணையிலே ஏழுன்னு சொல்ல பயமா இருந்துச்சும்மா.”

“இப்போ கேட்டா?”

அவர் ஜன்னலுக்கு வெளியே சரிவைக் காட்டினார். “இது வங்கி இல்லே. அங்கே தப்பு நடந்தா சாயந்திரம் திருத்திடலாம்,” என்றார். நேற்று டீசல் லாரியில் ஏறிவிட்டார். அவரும் கையெழுத்துப் போடவில்லை. திட்டாதீர்கள் அவரை.

நான் தேதி சொல்ல மாட்டேன் என்கிறேன், கணக்கே சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை. இதோ என் கணக்கு: ஒரு பனிக்காலம், ஒரு மந்தை. இந்தக் குளிர் முழுக்க நிரலும் பார்க்கட்டும், காவலர்களும் பார்க்கட்டும். நிரல் கத்தும்போதெல்லாம் ஜபார் எட்டிப் பார்த்து ஆமாம், இல்லை சொல்லட்டும். மே மாதம் மந்தைகள் ஏறும்போது மறுபடி பார்ப்போம். அதற்குப் பிறகும் இரண்டும் ஒத்துப்போனால் நானே கீழே வந்து கையெழுத்துப் போடுகிறேன், உங்கள் தாளிலேயே. இதைவிடச் சின்னதாகச் சொல்கிறவன் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை. ஆனால் தேதிக் கோட்டை வெறுமையாக விட மனம் வரவில்லை, என் கையாலேயே நிரப்பியிருக்கிறேன். பிரித்துப் பாருங்கள்: ‘அஸிர்.’

போய்க் காட்டுங்கள் அப்திஷெவ்விடம்.

சாய்கல்

பிஷ்கெக்
அக்டோபர் 26

சாய்கல்,

காட்டினேன்.

முதலில் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். இரண்டு நாள் மேசை டிராயரில் கிடந்தது. பிறகு எடுத்துக்கொண்டு போனேன். பெரிய மேசை, ஏழெட்டு பேர். அப்திஷெவ் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். “இது என்ன எழுதியிருக்கு? அஸிரா? அஸிர்னா எப்போ?” என்றார். மேசையே சிரித்தது. நம் ஆட்கள்தானே எல்லோரும், எந்த அஸிர் என்று அவர்களுக்குத் தெரியாதா?

நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். முடியவில்லை. எழுந்து ஆட்டுக் கதையைச் சொன்னேன். காவலர்களை இறக்கக் கூடாது என்றேன். அப்திஷெவ் சிவந்துவிட்டார். “வேற கம்பெனிக்குக் குடுத்துடுவேன் உலார்!” என்றார். “குடுங்க. குடுக்கறதுக்கு முன்னாடி, அவங்க ஊர்ல ஆடு எப்படி நடக்கும்னு கேட்டுக்கங்க,” என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வாய் எனக்கு? உன் கடிதங்களைப் படித்துப் படித்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

முடிவு சொல்லவில்லை. கையெழுத்து இல்லாததால் காவலர்கள் இப்போதைக்கு இருப்பார்கள். நம் ஆட்கள் இரண்டு பேர் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். பாக்கி ஒன்பது.

ஒன்று எழுத வேண்டும். நீதான் எழுத்தில் கேட்டாய். ஏப்ரலில் கதவருகே நின்றபோது உன் விரலைப் பார்த்தேன். தூக்கிய விரல். பொறு என்றுதான் சொல்கிறாய் என்று அப்போதே தெரியும். நீ அந்த வரியை முடித்துவிட்டுத் திரும்பினால் “தெரியாது” என்பாய் என்றும் தெரியும். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் உன் வாயிலிருந்து விழுந்த ஒரே வார்த்தையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

உலார்

அக்பெல்
நவம்பர் 4

அன்புள்ள பைகே,

நேற்று காலை பத்தே காலுக்குக் கிழக்குச் சரிவு இறங்கியது.

நிரல் விழித்துத்தான் இருந்தது. அதிர்வைக் கேட்டது, எடை போட்டது, பதிவேட்டில் ஒரு வார்த்தை எழுதியது. தடுப்பை இறக்கவில்லை. அது எழுதிய வார்த்தை ‘மந்தை’. நான் கற்றுக்கொடுத்த பாடம். நவம்பரில், பனிமேல், மந்தை என்று எழுதியிருக்கிறது.

ஜபார் மேலே வெள்ளைப் புகையைப் பார்த்திருக்கிறார். கீழ்த் தடுப்பைச் சங்கிலியைப் பிடித்துக் கையாலேயே இழுத்து இறக்கிவிட்டார். ஒரு மினிபஸ் தடுப்பின்மேல் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. உள்ளே பதினான்கு பேர். கல்யாணத்துக்குப் போகிறவர்கள். டிரைவர் இறங்கி ஜபாரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தபோதே, ஜபாரின் முதுகுக்குப் பின்னால், வளைவுக்கு அப்பால் பனியில் சாலை இல்லாமல் போயிற்று. அதன்பிறகு டிரைவர் ஜபாரின் கையை விடவேயில்லை.

நான் சொன்னதுதான் சரி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை, பைகே. நான் சொன்னது சரியாகவும் இல்லை. ஆட்டைச் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அன்று உங்கள் தாளில் ‘நவம்பர் ஒன்று’ என்று எழுதியிருந்தால் ஜபார் இப்போது ஊரில் தன் வீட்டில் இருந்திருப்பார்.

இப்போதும் தேதி சொல்ல மாட்டேன். ஒரு பனிக்காலம், ஒரு மந்தை. கேட்டால் இன்னும் சத்தமாகச் சொல்வேன்.

உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

சாய்கல்

அக்பெல், கீழ்த் தடுப்பு
நவம்பர் 10

சாய்கல்,

பனி அள்ள மேலே போகிற வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரை மட்டும்தான் விடுகிறார்கள், என்னை விடவில்லை.

துறையின் தாள் வந்துவிட்டது. காவலர்கள் ஆறு பேரும் இருப்பார்கள். தேதிக் கோட்டில் நானே எழுதிக் கொடுத்தேன்: ஒரு பனிக்காலம், ஒரு மந்தை. அப்திஷெவ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “மந்தைன்னா எத்தனை ஆடு?” கையெழுத்து என்னுடையது. உன்னைக் கேட்காமல் போட்டேன், ஆனால் இந்த முறை நீ சொன்னதைப் போட்டேன்.

அம்மா தயிரை உருட்டிக் காயவைத்துக் கொடுத்த குருத் ஒரு மூட்டை இருக்கிறது, காலுறை இரண்டு ஜோடி இருக்கிறது. காலையில் வந்து சேர்ந்தேன். உன் நிரல் அலறித் தடுப்பை இறக்கிவிட்டதாம். நிஜப் பனியா வேறு ஏதாவதா என்று பார்க்க ஜபார் மேலே போயிருக்கிறார். இங்கே இருக்கிற காவலரிடம், “எப்போ திறப்பீங்க?” என்று கேட்டேன். அவர் டீயைக் கீழே வைக்காமல் ஒரு விரலைத் தூக்கினார்.

மூன்று மணி நேரம் ஆகிறது. மறுபடி கேட்கவில்லை. குருத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அஸிர் வந்துவிடுவேன்.

உலார்